ஆணையில் இல்லாத பெயர்

மத்திய அரசுப் பணியில் இருப்பவனுக்கு வாழ்க்கை என்பது இரண்டு மாற்றல் ஆணைகளுக்கு இடைப்பட்ட காலம் என்று எங்கள் அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பாளையங்கோட்டையில் பிறந்து, அங்கேயே பி.ஏ. படித்து, மணமும் முடித்த நான் அத்தகைய ஆணை ஒன்றைக் கையில் ஏந்தியே பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கொச்சிக்கு வந்து சேர்ந்தேன். குடியிருப்பு மட்டாஞ்சேரியில், அலுவலகம் வில்லிங்டன் தீவில். கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் மலையாளமும் ஒரே தெருவில் கேட்கும் ஊர் இது. தமிழ்க் குடும்பங்களும் இங்குப் புதியன அல்ல. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் கோட்டைக் கொச்சியில் இன்றும் அத்தொழிலைச் செய்து வருகின்றனர்.

சென்ற மழைக்காலத்தில் எனக்கு அடுத்த ஆணை வந்தது. பதவி உயர்வு, ஊர் குவஹாத்தி. ஏற்பதாயின் பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த வாரத்தில்தான் என் மகன் பள்ளிக் கட்டுரைக்காக ஹெர்மன் குண்டர்ட்டைப் பற்றிய மலையாள நூல் ஒன்றை வீட்டிற்குக் கொண்டு வந்தான். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்கத் தடுமாறுவேன். என் மனைவி மகனுடைய முதல் வகுப்புப் பாடநூலிலிருந்தே அவனோடு சேர்ந்து எழுத்துக் கற்றவள். அவள்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். முடித்ததும் நூலை மூடாமலே கேட்டாள்: "ஏங்க, இவ்வளவு பெரிய அகராதி போட்டாரே, இவர் சம்சாரம் யாருன்னு ஒரு வரிதானே இருக்கு?"

அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. நான் கிறித்தவன் அல்லன். சமயப் பணியை எடைபோடும் தகுதியும் எனக்கில்லை. ஆயினும் அந்தத் தம்பதியரைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அது ஏதோ ஒரு வகையில் நம்மைப் போன்றோரின் கதையாகவே தோன்றியது.

குண்டர்ட் 1814ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தவர். டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பல் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டுச் சமயத் தொண்டில் இறங்கிய அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரின் குழுவோடு, அவருடைய பிள்ளைகளுக்கு ஆசிரியராக, 1836இல் சென்னைக்கு வந்து இறங்கினார். அதே குழுவில் வந்தவர் ஜூலி துபுவா. சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு மொழி பேசும் பகுதியைச் சேர்ந்தவர். குண்டர்ட்டைவிட நான்கு வயதுக்கு மேல் மூத்தவர். எவருடைய மனைவியாகவும் அன்றி, தொண்டு செய்யும் விருப்பத்தோடு தாமே கப்பலேறி வந்த பெண்மணி அவர். இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

குண்டர்ட் முதலில் ஆழ்ந்து கற்ற தென்னாட்டு மொழி தமிழ். எங்கள் திருநெல்வேலிச் சீமையில், ரேனியஸ் ஐயரோடு சில காலம் தங்கிப் பணியாற்றினார். தமிழுக்கு இலக்கண நூல் எழுதிய அந்த ரேனியஸ் ஐயரின் பெயரைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் கேரளம் போற்றும் குண்டர்ட் எங்கள் ஊர்ப்பக்கம் தமிழ் பயின்றவர் என்பது, கொச்சிக்கு வந்த பின்னரே எனக்குத் தெரிந்தது. பின்னர் அவர் சித்தூர் சென்றார். 1838 ஜூலையில் ஜூலியை மணந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே இருவரும் பாசல் மிஷனில் சேர்ந்து மங்களூர் சென்றனர். 1839இல் தலச்சேரிக்கு அருகில் இல்லிக்குன்னு என்னும் குன்றின்மேல் குடியேறினர். தமிழ்நாட்டில் தொடங்கிய வாழ்வு மலையாள நாட்டிற்கு மாறியது. பேசிப் பழகிய மொழி, அறிந்த முகங்கள், தொடங்கிய வேலை அனைத்தையும் விட்டு, மீண்டும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய நிலை.

அந்த மாற்றம் குண்டர்ட்டுக்கு எப்படிப் பயன்பட்டது என்பதை உலகம் அறியும். 1847இல் இல்லிக்குன்னிலிருந்து 'ராஜ்யசமாசாரம்', 'பஸ்சிமோதயம்' என்னும் இதழ்கள் கல்லச்சில் வெளிவந்தன. மலையாள இலக்கணம் வந்தது. 1857இல் மலபார், கன்னடப் பகுதிகளின் பள்ளி ஆய்வாளராக அரசு அவரை நியமித்தது. அவ்வகையில் அவரும் சில காலம் நம்மைப் போன்ற அரசு ஊழியர்தாம்! 1872இல் மங்களூரில் அச்சான அவருடைய மலையாள அகராதி, பல சொற்களின் அருகே தமிழ், கன்னடம், துளு ஆகிய மொழிகளின் இனச்சொற்களையும் காட்டுகிறது. முன்பு கற்ற தமிழை அவர் தலச்சேரிக்கு வரும் வழியில் இறக்கி வைத்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மற்றொரு சான்று எங்கள் மட்டாஞ்சேரியிலேயே இருக்கிறது. யூதத் தெருவின் முடிவில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயத்திற்கு உரிய பெருஞ்செல்வம் ஒரு செப்பேடு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிய ஆவணம் அது. எழுத்து வட்டெழுத்து. மொழியோ, தமிழென்றும் மலையாளமென்றும் கோடு கிழித்துப் பிரிக்க இயலாதது. பகல்விளக்கு, பாவாடை, குடை என்று அதில் வரும் உரிமைகளின் பெயர்களைக் கேட்டால் நம் வீட்டுச் சொற்களாகவே ஒலிக்கின்றன. பாவாடை என்றால் இங்கே நடந்து வருவோர்முன் விரிக்கும் நடைத்துணி. இச்செப்பேட்டையும் சிரியன் கிறித்தவர்களின் செப்பேடுகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1840களில் சென்னை ஆராய்ச்சி இதழில் வெளியிட்டவர் குண்டர்ட். தமிழ் கற்று மலையாளத்திற்கு வந்தவரின் கண்களுக்கு அம்மொழி எளிதில் வசப்பட்டிருக்கும் என்றே எண்ணுகிறேன். 2017இல் நம் நாட்டின் பிரதமர் இஸ்ரேலுக்குப் பரிசாகக் கொண்டு சென்றவற்றுள் இச்செப்பேட்டின் படியும் ஒன்று. அதற்கு உரிய மக்களிற் பெரும்பாலோரும் 1948க்குப் பின் அந்நாட்டிற்குக் குடிபெயர்ந்து விட்டவர்களே.

இவையெல்லாம் குண்டர்ட்டின் பேறுகள். ஜூலி அம்மையாரின் கணக்கு என்ன?

தலச்சேரியில் சிறுமியருக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். பெண்பிள்ளைகளை எழுத்தறிவிக்க மிகச் சிலரே முன்வந்த காலம் அது. அவர்களுடைய மகள் மரி 1842இல் தலச்சேரியில் பிறந்தாள். விடுப்பில் ஐரோப்பா சென்ற பெற்றோர், ஏறத்தாழ நான்கு வயதிலிருந்த அக்குழந்தையை அங்கேயே வளர விட்டுவிட்டுப் பணிக்குத் திரும்பினர். அக்காலத்து மிஷனரிக் குடும்பங்களில் அதுவே வழக்கம். மரி மீண்டும் இந்தியாவுக்கு வந்தபோது அவளுக்கு வயது பதினைந்து. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊராரின் பெண்களுக்குத் தாயாக இருந்த அவ்வம்மையார், தம் மகளுக்குக் கடிதத்தில் மட்டுமே தாயாக இருக்க முடிந்தது. 1859இல் உடல்நலம் குன்றிய குண்டர்ட் இந்தியாவை விட்டு நீங்கினார். பின்னர் கால்வ் என்னும் ஜெர்மானியச் சிற்றூரில் குடும்பம் நிலைபெற்றது. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட ஜூலி, தம் இறுதிக் கால் நூற்றாண்டை ஜெர்மன் பேசும் நாட்டில், அங்கும் அயலாராகவே கழித்து 1885இல் மறைந்தார். கணவருக்கு அது தாயகம் திரும்பல். மனைவிக்கு மற்றுமொரு மாற்றல்! பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே இந்த மரியின் மகன் என்பதையும், அவர் பிறந்தது அந்தக் கால்வ் ஊரில்தான் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இவ்வளவும் படித்தபின் என் சொந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி ஊரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. கொச்சிக்கு மாற்றல் வந்த அன்றே அலுவலகத்தில் ஏற்புக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு, வீடு திரும்பும் வழியில் அல்வா வாங்கிச் சென்றேன். அவள் பொட்டலத்தை வாங்கி வைத்தாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இங்கு வந்த புதிதில் கடையில் வெங்காயம் கேட்டு, கடைக்காரர் 'உள்ளி' என்றதும், "எங்க ஆச்சி ஈருள்ளின்னுதானே சொல்லுவா!" என்று சிரித்தபடி வந்தாள். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு மலையாளத்திற்குள் நுழைந்தாள். இன்று சனி ஞாயிறுகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினொரு தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறாள். வீட்டில் தமிழ் பேசியும் 'அ' எழுதத் தெரியாத பிள்ளைகள் அவர்கள். இந்த ஊரில் எனக்குக் கிடைத்தது ஊதியம். அவள் உண்டாக்கியதோ ஒரு பள்ளி.

இம்முறை ஏற்புக் கடிதத்தை எழுதாமலே வீட்டிற்கு வந்தேன். அல்வாவும் வாங்கவில்லை. ஆணையை அவள்முன் வைத்து, "உன் கருத்து என்ன?" என்று கேட்டேன். மணமாகிப் பதினைந்து ஆண்டுகளில் இப்படி நான் கேட்டது அதுவே முதல் முறை என்பதை இம்மலரில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் ஆணையை இரண்டு முறை வாசித்தாள். "இதில் என் பேரு இல்லையே, என்கிட்ட ஏன் கேக்கறீங்க?" என்றாள். எனக்கு விடை தோன்றவில்லை. சற்று நேரம் கழித்து அவளே சொன்னாள்: "மார்ச் வரைக்கும் தவணை கேளுங்க. பிள்ளைங்க எழுத்துக்கூட்டி வாசிச்சிரட்டும். நம்ம பையனுக்கும் பரீட்சை முடிஞ்சிரும். அப்புறம் எங்கேன்னாலும் வாரேன்."

விண்ணப்பம் எழுதினேன். 'என் மனைவியுடன் கலந்து பேசியதில்' என்று தொடங்கியதைக் கண்டு மேலதிகாரி புன்னகைத்தார். அரசுக் கடிதத்தில் அவ்வாறு எழுதும் வழக்கமில்லை என்று அந்த வரியை அடித்துவிட்டே மேலே அனுப்பினார். தவணை கிடைத்தது. ஆணையில் அவள் பெயர் இப்போதும் இல்லை. ஆனால் அந்த நாள் அவள் குறித்த நாள்.

சங்கத்து அன்பர்களே, பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். நம்மோடு வந்தவர்களைப் 'பின்தொடர்ந்து வந்தவர்கள்' என்றே பேசிப் பழகிவிட்டோம். ஆணையில் பெயர் உள்ளவனுக்குப் போன இடத்தில் நாற்காலி காத்திருக்கிறது. பெயர் இல்லாதவள் தன் இடத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கற்ற மொழியும் பழகிய உறவும் அடுத்த ஊரிலும் நமக்குத் துணை வரும் என்பதைக் குண்டர்ட்டின் அகராதி எனக்குக் காட்டியது. அதற்கான விலையை யார் செலுத்தினார் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது என் மனைவியின் ஒரு கேள்வி.

இம்மலர் உங்கள் கைகளுக்கு வரும்போது நாங்கள் பிரம்மபுத்திராக் கரையில் இருப்போம். திண்ணை வகுப்பை மாணவி ஒருத்தியின் தாயார் ஏற்றுக்கொண்டிருக்கிறார். உங்கள் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புங்கள். இங்கே இப்போது இரவுச் சமையல் முடிந்துவிட்டது. மகன் கைப்பேசியில் தேடிக் கொடுத்த அசாமிய எழுத்துகளை, என் பழைய நாட்குறிப்பின் வெற்றுத் தாள்களில் ஒவ்வொன்றாக எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள் அவள்.