குளிர்நீர் மீனும் கடைசி வரிசையும்

ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட தூண்டில் நூலுக்கு, சார்லஸ் காட்டன் 1676-இல் இரண்டாம் பாகம் எழுதினார். டிரவுட் மீனுக்காக இறகும் நூலும் கொண்டு தூண்டில் முள்ளில் கட்டும் பொய்ப்பூச்சிகளை அதில் மாதவாரியாக வகுத்துரைக்கிறார்.

பின்பனியிலும் இளவேனில் தொடக்கத்திலும் ஆற்றுநீர் குளிர்ந்திருக்கும். மீனின் உடலும் குளிர்ந்து, செரிமானம் மந்தமாகும். ஆழத்தில் ஒதுங்கிக் கிடக்கும் அது, இரையைத் துரத்தி வாராது. தூண்டிற்காரரே சிறு பூச்சியை அதனருகே மெல்ல மிதக்கவிட்டு, நண்பகல் வெயிலுக்கும் காத்திருக்க வேண்டும்.

இதனை அறிந்தபோது, முன்பு வகுப்பில் நான் 'மந்தபுத்தி' எனக் கடிந்த மாணவன் நினைவுக்கு வந்தான். மறுவாரம் முதல் அவன் கல்லூரிக்கு வரவில்லை; நானும் தேடிச் செல்லவில்லை. அவன் மந்தனல்லன், அவனைச் சூழ்ந்த நீர் குளிர்ந்திருந்தது.

பிடிப்பவனுக்கே இத்துணைப் பொறுமை வேண்டுமெனில், வளர்ப்பவனுக்கு எத்துணை வேண்டும்!