அம்மாவின் கூரம்

உங்களில் பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள் எத்தனை பேர்? அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். என் தாயார் காஞ்சீபுரத்தை அடுத்த கூரத்தில் பிறந்தவள். கல்யாணமாகி மாம்பலத்துக்கு வந்து நாற்பது வருஷமாகிறது. இன்னமும் எந்தப் பேச்சானாலும், "எங்க ஊர்லே..." என்றுதான் ஆரம்பிப்பாள். மாம்பலம் அவளுக்கு 'உங்க ஊர்'!

சென்ற மாதம் ஒரு கட்டுரைக்காக டாங்கோ பாட்டுக்கள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆர்ஜென்டினாவின் தலைநகர் புவெனோஸ் அயர்ஸின் சங்கீதம் அது. கப்பலேறி வந்த இத்தாலியரும் ஸ்பானியரும் குடியேறிய துறைமுகப் பேட்டைகளில் வளர்ந்தது. கார்லோஸ் கார்டெல் பாடிய 'மி புவெனோஸ் அயர்ஸ் கெரீதோ' ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மா, "என்னடா இப்படி உருகறான்? காதல் பாட்டா?" என்றாள்.

"காதல்தான் அம்மா, ஊர் மேலே. பிறந்த தெருவிலே எரிஞ்ச விளக்கைக்கூட விடாமல் பாடறான்."

இதில் ஒரு வேடிக்கை. ஊரை நினைத்து உருகும் அந்தப் பாட்டு, 1934-ல் நியூயார்க்கில் எடுத்த ஒரு சினிமாவுக்காகப் பிறந்தது. ஆல்ப்ரெதோ லெ பெரா எழுத, கார்டெலே மெட்டமைத்துப் பாடினார். ஊரை மறுபடி பார்த்தால் கவலையெல்லாம் தீரும் என்று பாடியவர் உயிரோடு திரும்பவில்லை. 1935 ஜூனில் கொலம்பியாவில் விமான விபத்து. எழுதியவரும் கூடவே போய்விட்டார்.

அம்மா பூவைக் கீழே வைத்தாள். "நம்ம கூரத்தாழ்வான் மாதிரின்னா இருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

கூரத்தாழ்வான் பெரிய தனவந்தர். அன்னதானம் முடிந்து இரவில் அவர் வீட்டுக் கதவைச் சாத்தினால், காஞ்சியில் பெருந்தேவித் தாயாருக்கே கேட்குமாம். (கதவுக்கு எண்ணெய் போட யாருமில்லையா என்று சிறு வயதில் கேட்டு, அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.) அத்தனையும் துறந்து, மனைவி ஆண்டாளுடன் ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டார். காட்டு வழியில் அவள் பயந்ததற்குக் காரணம், மடியில் ஒளித்து வைத்திருந்த தங்க வட்டில்! அதையும் வாங்கி வீசி எறிந்தார். பிற்பாடு சோழன் சபையில் கண்களையும் இழந்தார். பார்வையைக் கேட்டுப் பாடும்படி குரு ராமானுஜர் சொல்ல, காஞ்சி வரதன்மேல் வரதராஜ ஸ்தவம் பாடினார் என்பது வைஷ்ணவப் பெரியோர் சொல்லும் கதை. அதன் முதல் சுலோகத்திலேயே அத்திகிரி வந்துவிடுகிறது. பெருமாளைக் கூப்பிட ஆயிரம் நாமங்கள் இருக்க, ஊர்ப்பக்கத்துக் குன்றின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடத் தோன்றியிருக்கிறது அவருக்கு. வட்டிலை எறிந்த மனிதர்!

"அம்மா, ஒரு நடை கூரம் போய் வரலாமா?" என்றேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. கூரத்து வீட்டை மாமா விற்றுப் பதினைந்து வருஷமாகிறது. பத்திரத்தில் அம்மாவும் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பணம் என் காலேஜ் சம்பளத்துக்குத்தான் போயிற்று.

"வேண்டாம்டா" என்றாள் கடைசியில். "போனா, இப்போ இருக்கிற வீடுதான் கண்ணிலே நிக்கும்."

மறுபடி பூவை எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பாட்டை இன்னொரு தரம் போடு. விளக்கு வர இடத்தை மட்டும் எனக்குச் சொல்லு."