மன்னிப்பு வேறு, சட்டம் வேறு

சோழவந்தான் மாதிரி வயல் சூழ்ந்த ஊர்களில், வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்காகப் பேசாமல் இருப்பது சாதாரணம். கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் இழந்தது வரப்பு இல்லை.

1999 ஜனவரி 22 நள்ளிரவு. ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிய அவருடைய கணவர் கிரகாமையும் இரண்டு சின்ன மகன்களையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார் கிளாடிஸ். மகளோடு அங்கேயே தங்கி, பாரிபதாவில் தொழுநோயாளர்களுக்குச் சேவையைத் தொடர்ந்தார். 2005-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆனால் தண்டனை சட்டத்தின் வேலை என்பதிலும் தெளிவாக இருந்தார். முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

வரப்பு வழக்கு கோர்ட்டில் நடக்கட்டும் நண்பர்களே. வருகிற பண்டிகைக்காவது தம்பி அண்ணன் வீட்டுக்குப் போகலாமே?