மத்தவங்க எப்ப வருவாங்க?

"அண்ணே, மத்தவங்க எப்ப வருவாங்க?"

மைக் செட் போட வந்த பையன் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் இதுதான். கேட்டுக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான். டிரம்ஸ் இறங்கும், கீபோர்டு ஸ்டாண்டு இறங்கும், பாடுகிறவர்கள் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள் என்பது அவன் கணக்கு. "யாரும் வரல தம்பி, நான் ஒருத்தன்தான்" என்றதும் கையில் சுருட்டி வைத்திருக்கும் ஒயர்களை ஒரு தடவை பார்ப்பான்.

"பாட்டு?"

"கிட்டார்லயே வரும்."

"ரிதம்?"

"அதுவும்."

"மைனஸ் டிராக் போடணுமாண்ணே?"

"வேணாம்பா. ஒரு லைன் குடு, போதும்."

அதற்குள் அவனுக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும். பார்ட்டி காசு குறைத்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலேயே ஒரு டீ வாங்கிவந்து தருவான். அந்த டீக்காக நான் எதையும் திருத்துவதில்லை.

பதினெட்டு வருஷம் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தவன் நான். மேடையில் கிட்டார்காரனின் இடம் கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் நடுவில், பாதி இருட்டில். 'மூடுபனி'யின் நிலாப் பாட்டோ, 'பயணங்கள் முடிவதில்லை'யின் நிலாப் பாட்டோ வந்தால் மட்டும் அந்த ஆரம்பத் துணுக்குக்குக் கூட்டம் நம் பக்கம் திரும்பும். 1980-லும் 1982-லும் வந்த அந்த இரண்டு பாட்டுக்கும் தமிழ்நாட்டுக் கிட்டார்காரர்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். மற்றபடி இரவு முழுக்கக் கார்டு பிடித்து 'சக்கு சக்கு' என்று தேய்ப்பதுதான் வேலை. தப்பாக ஒரு கார்டு விழுந்தாலும் பேஸ் கிட்டார்காரர் கீழே சரியான ஸ்வரத்தைப் போட்டுக் காப்பாற்றிவிடுவார். தும்மலாம். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யலாம். ஒரு சரணம் முழுக்க வாசிக்காமல் நின்றால்கூட யாருக்கும் தெரியாது. நான் நின்றிருக்கிறேன்.

முதன்முதலில் தனியாக வாசிக்கக் கூப்பிட்டது ஒரு ஓட்டல். சாப்பிடுகிறவர்கள் பேசுவது கேட்க வேண்டும், பின்னணியில் மெல்ல ஒரு கிட்டார் மட்டும் போதும் என்றார்கள். ஒரு வாரம் இருந்தது. முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து, ஆயிரம் தடவை வாசித்த ஒரு பாட்டை எடுத்தேன். வாசித்து முடித்ததும் சமையலறையிலிருந்து என் மனைவி, "என்ன பாட்டு இது?" என்றாள்.

உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் நான் வாசித்தது கார்டு மட்டும். பதினெட்டு வருஷத்தில் ஒரு பாட்டின் மெட்டைக்கூட நான் முழுசாகக் கையால் வாசித்ததில்லை. மெட்டு பாடகருடைய சொத்து, நமக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

மெட்டை மட்டும் ஒற்றைக் கம்பியில் வாசித்தால் பள்ளிக்கூடப் பிள்ளை வாசிக்கிற மாதிரி இருக்கும். அடியில் ஒரு பேஸ் வேண்டும், நடுவில் கொஞ்சம் கார்டு நிரவ வேண்டும். வலது கையில் கம்பியை மீட்ட உதவுவது நாலு விரல்தான். சுண்டுவிரல் இந்த வேலைக்கு வராது. கட்டைவிரல் கீழ்க் கம்பிகள் மூன்றையும் பார்த்துக்கொள்ள, மற்ற மூன்று விரல்கள் மேல் கம்பிகளில் மெட்டையும் நிரவலையும் பார்க்க வேண்டும். ஆக, கட்டைவிரல் என் பேஸ் கிட்டார்காரர், மோதிர விரல் என் பாடகர். இரண்டு பேரும் ஒரே கையில் ஒட்டியிருப்பதால் ஒருவர் அவசரப்பட்டால் மற்றவரும் ஓடுவார். கட்டைவிரலை மட்டும் தனியாகப் பழக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. டிவி பார்க்கும்போது, ஃபோன் பேசும்போது, மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு கட்டைவிரலை மட்டும் 'டும் சக் டும் சக்' என்று ஓடவிடுவேன். அது என்னை மறந்து தானாக நடக்க ஆரம்பித்த பிறகுதான் மேலே மெட்டை ஏற்ற முடிந்தது.

இந்தக் கட்டைவிரல் வித்தைக்குப் பெயர் பெற்றவர் அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த மெர்ல் டிராவிஸ். அவர் கட்டைவிரலோடு ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் சேர்த்துத்தான் வாசித்தார். அதை ரேடியோவில் கேட்ட செட் அட்கின்ஸ் என்ற பையனுக்கு அது தெரியாது. இவ்வளவு சத்தம் ஒரு விரலில் வராது என்று நினைத்து, கட்டைவிரலோடு மற்ற விரல்களையும் சேர்த்துக்கொண்டு அதைப் பிடித்தார். அதுவே புதுப் பாணியாகிவிட்டது. பிறகு 1962-ல் ஆஸ்திரேலியாவில் ஏழு வயதுப் பையன் ஒருவன் ரேடியோவில் அட்கின்ஸைக் கேட்டான். அவன்தான் டாமி இம்மானுவல். இன்றைக்குத் தனிக் கிட்டார் என்றால் உலகம் முதலில் சொல்கிற பெயர்களில் ஒன்று. கையைப் பார்க்காமல் காதால் மட்டுமே பிடித்த வித்தை இப்படித்தான் கை மாறியிருக்கிறது. இப்போது எல்லாவற்றையும் வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பார்த்துக் கற்றுக்கொண்ட பையன்கள் என்னைவிட நாலு மடங்கு வேகமாக வாசிக்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி வாசிக்கிறார்கள் என்பது என் பொறாமையாகவும் இருக்கலாம்.

நமக்கு இதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது. தெரிந்த வீட்டில் ஒரு மாமி வீணை வாசித்துக்கொண்டிருந்தார். வீணையில் மேலே ஓடுவது நாலு கம்பி. பக்கவாட்டில் இன்னும் மூன்று உண்டு, தாளக் கம்பி. விரல்கள் மேலே கீர்த்தனையை நடத்திக்கொண்டிருக்க, சுண்டுவிரல் பக்கத்திலிருக்கும் அந்த மூன்றையும் அவ்வப்போது வருடித் தாளத்தையும் சுருதியையும் கொடுத்துக்கொண்டிருந்தது. "மாமி, இது எனக்குக் கட்டைவிரல்!" என்றேன். அவர் வாசிப்பை நிறுத்தாமலேயே, "எனக்கு இது நாப்பது வருஷமா சுண்டுவிரல்தான்டா" என்றார். மிருதங்கம் வராத நாளில் வீணை ஒற்றையாக நிற்கும். அதற்கான ஏற்பாட்டை வாத்தியத்திலேயே செய்துவைத்திருக்கிறார்கள்.

கிட்டாரில் அந்த ஏற்பாட்டை நாமே தேடிக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டு எந்த சுருதியில் பதிவாகியிருக்கிறது என்பது எனக்கு முக்கியமில்லை. அது பாடகர் தொண்டைக்காக எடுத்தது. நான் பார்ப்பது, எந்த சுருதிக்கு மாற்றினால் பேஸ் ஸ்வரங்கள் அமுக்காத கம்பியிலேயே வந்து விழும் என்பதுதான். ஆறாவது கம்பி ஈ, ஐந்தாவது ஏ, நாலாவது டி. பாட்டை இந்த மூன்றில் ஒன்றில் கொண்டுபோய் உட்காரவைத்தால் இடது கை முழுசாக மெட்டுக்குக் கிடைக்கும். நம் பாட்டுக்கு இது உயிர். கமகம் வேண்டுமென்றால் கம்பியை இழுக்க வேண்டும். ஒரு விரல் கீழே பேஸை அமுக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொரு விரலால் இழுத்தால் இரண்டும் கெடும். அசைவில்லாத நம் மெட்டு கேட்க ஃபோன் ரிங்டோன் மாதிரி இருக்கும். டி-யில் வைக்கிற பாட்டுக்கு ஆறாவது கம்பியையும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கிவிடுவேன். அடியில் திடீரென்று ஒரு அண்டா உருண்ட மாதிரி கனம் வரும்.

தீராத தொல்லை கார்வை. பாடகர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் மூச்சு இருக்கும்வரை நிற்கும். கிட்டாரில் தட்டிய மறுகணமே ஸ்வரம் சாக ஆரம்பித்துவிடும். மேல் கம்பியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் எண்ணி இரண்டு தட்டு தாங்காது. அந்த இடத்தை எப்படி நிரப்புவது? ஸ்பெயின்காரர் தாரேகா ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று திரும்பத் திரும்ப மீட்டி நிற்பது போலக் காட்டினார், 'ட்ரெமலோ' என்பார்கள். நான் அதையும் செய்து பார்த்தேன். நீளமாக எது வந்தாலும் அடியில் கார்டைப் பிரித்துப் போட்டேன், பேஸை நடக்கவிட்டேன், மரத்தைத் தட்டி ரிதம் கொடுத்தேன். ஒரு இடம் காலி விடவில்லை. ஆளில்லாத குறை தெரியக்கூடாது என்ற பயம்.

என் பழைய குழுவின் பேஸ் கிட்டார் அண்ணன் ஒரு நாள் கேட்க வந்தார். முடிந்ததும் காரில் ஏறும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "என் வேலையையும் நீயே பாத்துட்ட. சந்தோஷம். பாட்டு எங்கடா?" என்றார்.

கோபத்தில் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. அந்த வாரத்தில்தான் ஜோ பாஸை ஒழுங்காகக் கேட்டேன். 1973-ல் அவர் பதிவுசெய்த 'வர்ச்சுவோசோ' ஆல்பத்தில் துணைக்கு யாரும் இல்லை; டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. அப்படியும் ஒரு குழுவே வாசிப்பது போல இருக்கும். ஒவ்வொரு தட்டாக எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது, மனிதர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாசிக்கவே இல்லை. நாலு ஸ்வரம் பேஸ் நடக்கும். பேஸை அப்படியே விட்டுவிட்டு ஒரு கார்டு. கார்டையும் விட்டுவிட்டு ஒற்றைக் கம்பியில் மெட்டு. பேஸ் நின்று போனதைக் காது கவனிப்பதில்லை. நடந்துகொண்டிருந்ததை நடப்பதாகவே எடுத்துக்கொண்டு, அடுத்த தடவை அது வரும்வரை தானே ஓட்டிக்கொள்கிறது.

அன்றிலிருந்து என் பாட்டுகளில் களையெடுக்க ஆரம்பித்தேன். நடுவில் இருந்த கார்டுகளில் பாதி போனது. மரத்தைத் தட்டுவது அறவே போனது. கார்வை வருகிற இடத்தில் ஸ்வரத்தைச் சாகவிட்டு, கட்டைவிரல் மட்டும் ஒரு தட்டு. கேட்கிறவருக்கு அந்தப் பாட்டு முன்பே தெரிந்தால் பாடகரின் குரல் அங்கே தானாக நீளும். லூப் பெடலை விற்றதும் அப்போதுதான். காலால் ஒரு மிதி மிதித்தால் வாசித்ததைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும் பெட்டி அது. அருமையாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாகாகவில்லை. ஒரு வரவேற்பில் மிதி அரைத் தட்டு தாமதமாக விழுந்து, அந்த நொண்டல் நாலு நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்தது. நேரில் செய்த தப்பு ஒரு தடவையோடு போய்விடும்.

வெளியே தெரியாத வேலைகள் நிறைய உண்டு. நகம் அதில் ஒன்று. வலது கை நகம்தான் என் ஒலி. குழுவில் பிக் வைத்து வாசித்த காலத்தில் நகத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. இப்போது பஸ்ஸில் கம்பியைக்கூட இடது கையால்தான் பிடிக்கிறேன். நிகழ்ச்சி நாளில் ஒடிந்தால், பர்ஸில் டேபிள் டென்னிஸ் பந்தின் துண்டு ஒன்று இருக்கும். நகத்தின் வளைவும் பந்தின் வளைவும் ஏறக்குறைய ஒன்று. பிறை வடிவத்தில் வெட்டி, நகத்துக்கு அடியில் சூப்பர் க்ளூ ஒரு பொட்டு வைத்து, முப்பது எண்ணும்வரை அமுக்கி, நைஸ் உப்புத்தாளில் தேய்த்தால் ஒரு கச்சேரி தாங்கும். 2014-ல் போட்டிகளில் செல்லுலாய்டு பந்தை விட்டு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள் என்று கேள்விப்பட்டதும் பழைய பந்தாகப் பார்த்து ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொண்டேன். விளையாட்டுச் சாமான் கடைக்காரர், "பசங்க நல்லா ஆடுறாங்களா சார்?" என்று கேட்டார்.

அடுத்தது கூவல். ஒற்றைக் கிட்டார் சபை முழுக்கக் கேட்க வேண்டுமென்று மைக் செட்டில் ஏற்றினால் பெட்டி வாயைத் திறந்துவிடும். கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுக்கென்று ஒரு சொந்த ஸ்வரம் உண்டு; பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம், ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டைச் சுற்றி. அந்த ஸ்வரம் ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வந்து வயிற்றுக்குள் புகுந்தால் 'ஊ...' என்று ஏறும். சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிடுவதுதான் மைக் செட் தம்பிகளின் கைமருந்து. நான் வட்டத் துளையை ரப்பர் மூடியால் அடைத்துவிடுவேன், அந்த ஓர் இடத்தை மட்டும் மிக்ஸரில் வெட்டச் சொல்வேன். ஏசி ஹாலில் இன்னொரு கூத்து. வெளியே புழுக்கத்தில் சுருதி சேர்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால், குளிரில் ஸ்டீல் கம்பி சுருங்கிச் சுருதி மேலே போய்விடும். குழுவில் என்றால் இன்னொரு வாத்தியம் ஓடும்போது சரிசெய்துகொள்ளலாம். இங்கே நான் நிறுத்தினால் நிகழ்ச்சியே நிற்கும். அதற்காகவே நாலைந்து பேச்சுகள் தயாராக வைத்திருக்கிறேன். வாய் பேசும், கை முறுக்கும்.

களையெடுத்த பாட்டுகளில் ஒன்றின் இரண்டாவது இன்டர்லூடில் எட்டுத் தட்டுக்கு ஒரு புல்லாங்குழல் வரும். அதை வாசிக்க எத்தனையோ விதமாக முயன்றேன். எப்படிச் செய்தாலும் குழலாக வரவில்லை. கடைசியில் எடுத்தே விட்டேன். அந்த எட்டுத் தட்டுக்குக் கட்டைவிரல் மட்டும், அதுவும் இரண்டு தட்டுக்கு ஒன்று. கல்யாண வரவேற்புகளில் அந்த இடம் வரும்போது பந்தியில் யாராவது ஒருவர் உதட்டைக் குவிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏகப்பட்ட பெருமை.

போன மாதம் ஒரு ஓட்டலில் அதையே வாசித்தேன். எதிரே வெளிநாட்டுச் சுற்றுலாக் குழு, முப்பது பேர் இருக்கும். இரண்டாவது இன்டர்லூட் வந்தது. கட்டைவிரல் ஒன்று, இரண்டு என்று போக, பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து முப்பது பேரும் கைதட்டினார்கள். ஒரு அம்மா எழுந்தே நின்றுவிட்டார். இனிமேல் சரணத்தை எங்கிருந்து எடுப்பது? கும்பிட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனேன்.

இப்போது மேனேஜரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன், இன்றைக்கு எந்த ஊர்க்காரர்கள் என்று. நம் ஆட்கள் என்றால் எட்டுத் தட்டும் காலி. வெளியூர்க்காரர்கள் என்றால் அதே இடத்தில் ஒரு ட்ரெமலோ. அது இன்னும் குழலாக வரவில்லை.