தேநீரும் இரண்டு தராசுகளும்

நம் காலத் தமிழ் எழுத்தில் தேயிலைக்குப் பஞ்சமில்லை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யிலும் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகளிலும் அவர்களுக்குப் பின் வந்த மலையகப் படைப்பாளர் பலரிடத்தும் தேயிலை மணக்கிறது. ஆனால் அங்கெல்லாம் தேயிலை என்பது வியர்வை, அட்டைக்கடி, கங்காணியின் அதட்டல், லயத்துக் கூரையில் ஒழுகும் மழை. அவ்வாறு எழுதப்பட்டமை முற்றிலும் நியாயமே. எனினும் தேநீரின் சுவையைப் பற்றி நம்மவர் எழுதியது மிகச் சொற்பம். சுவை என்பது துரைமாரின் பேச்சு, உண்டு கொழுத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. வயிற்றுக்குச் சோறு கேட்கும் மக்களிடையே நாவின் நுட்பத்தைப் பேசுவது தகுமோ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தகும் என்பதே என் துணிபு. சுவைக்குள்ளே ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. சுவையைப் பேசாதவரை அக்கணக்கும் வெளிவராது.

இந்த எண்ணம் என்னுள் எழக் காரணமாயிருந்தது யப்பானியத் தேயிலைப் பொதியொன்று. எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கு, யப்பானில் தொழில் பார்க்கும் உறவினர் ‘சென்ச்சா’ என்னும் பச்சைத் தேயிலையை அனுப்பியிருந்தார். அதில் ஒரு பங்கு எனக்கும் கிடைத்தது. ஊசிபோல உருண்டு நீண்ட கரும்பச்சை இலைகள். பொதியைத் திறந்ததும் எழுந்த மணம் நாம் அறிந்த தேயிலை மணமன்று. வெட்டிய புல்லும் அவித்த கீரையும் கடற்காற்றும் கலந்தாற்போன்ற ஒன்று. வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் வீட்டிலும், கொட்டாஞ்சேனையில் நான் கற்பிக்கும் பாடசாலையிலுமாக அப்பொதி தீரும்வரை அதனைப் பருகினேன், பிறருக்கும் கொடுத்தேன்.

கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியின் இலைகளே. வேறுபாடு செய்முறையில் உள்ளது. நம் மலைகளில் கொய்யப்படும் கொழுந்து வாடவிடப்பட்டு, உருளையில் கசக்கப்படுகிறது. கசங்கிய இலையிலுள்ள நொதியங்கள் காற்றோடு சேர்ந்து அதனைச் செம்பழுப்பாக்குகின்றன. யப்பானியரோ கொய்த கொழுந்தை உடனே நீராவியில் அவித்து, அந்நொதியங்களின் தொழிலை நிறுத்திவிடுகின்றனர். பின்பு உருட்டி உலர்த்துகின்றனர். 1738ஆம் ஆண்டில் ஊஜிப் பிரதேசத்தைச் சேர்ந்த நகத்தானி சோயென் என்பவர் இம்முறையைச் செம்மைப்படுத்தினார் என்பர். இலையின் பசுமை அப்படியே நின்றுவிடுகிறது.

அதை ஊறவைக்கும் விதமும் வேறு. நாம் கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றிப் பழகியவர்கள். சென்ச்சாவுக்குக் கொதிநீர் ஆகாது. கொதித்த நீரை முதலில் கிண்ணங்களில் ஊற்றி ஆறவிட வேண்டும்; எழுபது, எண்பது பாகை செல்சியசுக்கு இறங்கியபின் இலையின்மேல் ஊற்ற வேண்டும்; ஏறக்குறைய ஒரு நிமிடம் ஊறவேண்டும். பல கிண்ணங்கள் இருப்பின், முதற்கிண்ணத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக, முன்னும் பின்னுமாக ஊற்றிச் செல்வர். எல்லோர்க்கும் ஒரே அடர்த்தி கிடைக்கும். கடைசித் துளிவரை வடித்துவிட்டால் அதே இலையை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஊறவைக்கலாம். முதற்சாற்றில் இனிமை, இரண்டாவதில் துவர்ப்பு, மூன்றாவதில் கைப்பு மேலோங்குகிறது.

இது சடங்கன்று, இரசாயனம். தேயிலையில் தியனின் என்னும் அமினோ அமிலம் உண்டு. இனிமையும் நிறைவும் தருவது அது. மிதமான சூட்டிலேயே அது நீரில் இறங்கிவிடும். துவர்ப்பையும் கைப்பையும் தரும் பொருள்கள் சூடு ஏற ஏறவே மிகுதியாக இறங்கும். வெயில் பட்டால் இலையில் தியனின் குறைந்து துவர்ப்பு கூடுகிறது. ஆதலால் ‘கியோக்குரோ’ என்னும் உயர்வகைத் தேயிலைக்குக் கொய்வதற்கு முன் ஏறத்தாழ இருபது நாள் செடிகளுக்கு மேல் பந்தலிட்டு வெயிலை மறைக்கின்றனர். அதனை ஐம்பது, அறுபது பாகை நீரிலேயே ஊறவைப்பர். அந்நிறைந்த சுவைக்கு யப்பானியர் சொல்லும் பெயர் உமாமி. 1908ஆம் ஆண்டில் கிக்குனாயே இக்கேடா என்னும் இரசாயன அறிஞர் இட்ட பெயர் அது. நம் அறுசுவையில் அதற்குத் தனியிடம் இல்லை. ஆனால் துவர்ப்பை ஒரு சுவையென்று எண்ணிப் பெயரிட்டு வைத்தவர்கள் நம் முன்னோர். தேநீரைச் சுவைப்பதற்கு அதனினும் தேவையான சொல் வேறில்லை.

இனி, நம் கொழும்பிலே தேயிலையைச் சுவைப்போரிடம் வருவோம். 1883 ஜூலை 30ஆம் திகதி இந்நகரில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 2020 முதல் ஏலம் கணினிவழியே நிகழ்கிறது; ஆயினும் நாவின் வேலையைக் கணினி பறிக்கவில்லை. தரகர் நிறுவனங்களின் சுவைக்கூடங்களில் வெண்ணிறப் பீங்கான் கிண்ணங்கள் நீண்ட வரிசையாக வைக்கப்படுகின்றன. சுவைஞர் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டு, துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார். 1980ஆம் ஆண்டு வெளியான சர்வதேசத் தரமுறை 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிட நேரம் என்று வகுத்தது. யப்பானியக் கிண்ணம் குற்றங்களை அடக்கி இனிமையை வெளிக்கொணர்கிறது. ஏலக் கிண்ணம் இலையிலுள்ள அனைத்தையும் ஒளிவின்றிக் கக்க வைக்கிறது. ஒன்று அருந்துபவனுக்கு, மற்றது விலை பேசுபவனுக்கு. இரண்டும் அறிவுதான். சுவைஞரின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. பல்லாண்டுப் பயிற்சியால் வருவது அது.

ஆனால் அவ்வறிவின் மொழி எது? ‘பிரைட்’, ‘பிரிஸ்க்’, ‘பொடி’ என்று ஆங்கிலச் சொற்களாலேயே சுவைக்கூடம் பேசிப் பழகியது. ஒன்றரை நூற்றாண்டாகத் தமிழ் பேசும் கைகள் கொய்த இலையைப் பற்றி, அக்கைகளுக்குரியோர் அறியாத மொழியிலே தீர்ப்புக் கூறப்பட்டு வந்தது. நம் பக்கத்துச் சொல்லொன்று மட்டும் எப்படியோ வணிகர் பேச்சிலும் எழுத்திலும் புகுந்துவிட்டது. அச்சொல் கச்சான்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைச்சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்ட காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. இதுவே கச்சான். ஜூலை முதல் செப்ரெம்பர் வரை அது வீசும்போது செடியின் வளர்ச்சி ஒடுங்குகிறது, கொழுந்து சிறுக்கிறது, அச்சிறு கொழுந்தில் மணம் செறிகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது இப்பருவத்தின் மணமே. திம்புளைப் பக்கத்திற்கு இத்தகைய பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பந்தலிட்டு யப்பானியன் வருவித்துக்கொள்ளும் சிறப்பை இங்கே காற்று வேறு விதமாகத் தருகிறது. இவ்வளவும் நூல்களில் உள்ள செய்தி. நூல்களில் இல்லாத செய்தியை எனக்குச் சொன்னவன் மாணவன் ஒருவன்.

அவன் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். கொட்டாஞ்சேனையில் கடையொன்றில் வேலைபார்க்கும் மாமனோடு தங்கிப் படிக்கிறான். உயர்தர வகுப்பு முடிந்த ஒரு மாலையில் நாலைந்து மாணவருக்குச் சென்ச்சாவை ஊற்றிக் கொடுத்தேன். மற்றவர்கள் முகம் சுளித்தனர். சீனி இருக்கிறதா என்று ஒருவன் கேட்டான். அவன் மாத்திரம் ஊறிய இலையைக் கையிலெடுத்து முகர்ந்தான்.

“சேர், மழை விட்டதும் கொழுந்துக் கூடைக்குள்ள மொகத்த வச்சா இப்பிடித்தான் மணக்கும்” என்றான்.

பயின்ற சுவைஞர் ஒருவரும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. ஸ்டோருக்குப் போய்க் கறுப்பாகாத இலையின் மணம் அது என்பதை அவன் உடனே கண்டுகொண்டான். கச்சானைப் பற்றி நான் வாசித்ததை அவனிடம் சொன்னேன்; அக்காலத் தேயிலைதான் உயர்ந்த விலைக்குப் போகிறதாம் என்றேன். அவன் சற்று வியப்போடு பார்த்தான்.

“கச்சான் அடிச்சா கொழுந்து கெடைக்காது சேர். அம்மா நாள் முழுக்க மலையில நின்னாலும் கிலோ சேராது. சில நாள் அரைப்பேருதான் போடுவாங்க.”

‘பேர்’ என்பது ஒருநாள் வேலைக்கான பதிவு. குறித்த கிலோ கொழுந்து நிறுவையில் சேர்ந்தால் முழுப்பேர். சேராவிடில் அரைப்பேர், அரைநாட் சம்பளம். அவன் சொன்ன சொற்களை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். எந்தப் பருவத்தில் இலை மிகச் சிறந்த சுவையை அடைகிறதோ, அந்தப் பருவத்திலேயே அதைக் கொய்பவளின் அடுப்பு மிக மெலிந்து எரிகிறது. மலையிலே ஒரு தராசு. அது எடையை மட்டும் அறியும். கொழும்பிலே ஒரு தராசு. அது சுவையை அறியும். முதலாவது தராசில் கூலி நிறுக்கப்படுகிறது. இரண்டாவதில் இலாபம் நிறுக்கப்படுகிறது. இரண்டிற்கும் இடையே நிகழும் மாற்றத்தைக் கூலிக்காரி அறிவதில்லை. அறியும் வாய்ப்பும் அவளுக்கு வைக்கப்படவில்லை. நாலரைக் கிலோ அளவான பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. எடை குறைகிறது, விலை ஏறுகிறது. அவ்வேற்றத்தில் அவள் விரல்களின் நுட்பத்திற்கும் பங்குண்டு அன்றோ? இரண்டிலையும் மொட்டுமாகத் தேர்ந்து, முற்றலைத் தவிர்த்துக் கொய்யாவிட்டால் எந்தக் கச்சானும் மணம் தராது.

இத்தராசு நேற்று அமைந்ததன்று. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாள்முதல், தோட்டம் கைகளை எண்ணியதேயன்றி மனிதரை எண்ணவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்குமிடையே இலக்கங்களாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். நாட்கூலி ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின்பு 2021 மார்ச்சிலேதான் சட்டவலுப் பெற்றது. அப்போதும் கொய்யவேண்டிய கிலோ கூட்டப்பட்டதென்ற முறைப்பாடு தோட்டங்களிலிருந்து எழுந்தது. சம்பளத்தை எடைத் தராசோடு கட்டிவைத்திருக்கும்வரை, ஒரு தட்டில் வைப்பதை மறு தட்டிலிருந்து எடுத்துக்கொள்வது எளிது.

யப்பான் இவ்விடயத்தில் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. தொக்குகாவா ஆட்சிக் காலத்தில் ஊஜியின் சிறந்த தேயிலை சாடிகளில் நிரப்பப்பட்டு, ஆட்சித்தலைவனுக்காக எடோ நகருக்கு ஊர்வலமாகச் சென்றது. சாடிகள் கடந்துபோகும்வரை வழியிலுள்ள மக்கள் ஒதுங்கிப் பணிந்து நிற்கவேண்டியிருந்தது. நல்ல தேநீர் ஆண்டவர்க்கே என்ற நியதி அங்கும் இருந்தது. ஆனால் அந்நியதியை மறுத்தவரும் அங்கே தோன்றினார். 1675இல் பிறந்த பைசாஓ என்னும் துறவி முதுமையில் மடத்தை விட்டிறங்கி, கியோத்தோ நகர வீதிகளில் அடுப்பும் பாத்திரமும் சுமந்து சென்று தேநீர் விற்றார். விலையைக் குடிப்பவரே தீர்மானிக்கலாம். ஒன்றும் கொடாமலும் போகலாம். மடாலயங்களிலும் மாளிகைகளிலும் அடைபட்டிருந்த இன்பத்தை அவர் மரநிழலுக்குக் கொண்டுவந்தார். இன்று அந்நாட்டில் தேயிலை வளர்ப்போருள் பலர் சொந்த நிலமுடைய குடும்பத்தினர். முதற்கொழுந்துக்குக் கிடைக்கும் உயர்ந்த விலை அவர்கள் கணக்கிலும் சேர்கிறது. சுவை அறிந்தவனே சுவையின் விலையையும் கேட்கிறான்.

நம் தேநீர்க் கடைகளைப் பாருங்கள். கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளியும் சுமை தூக்குவோரும் நின்றவாறே பிளேன்ரீ குடித்துச் செல்லும் கடைகளில் பாவிக்கப்படுவது பெரும்பாலும் டஸ்ட். பொடி நுண்ணியதாதலால் சாயம் உடனே இறங்கும், விலையும் குறைவு, வேலைக்கு விரைபவனுக்கு அதுவே வசதி. அத்தேநீரை நான் இகழவில்லை. உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு பருகும் வெறுந்தேத்தண்ணி எத்தனையோ வயிறுகளின் காலைப் பசியை ஆற்றியிருக்கிறது. ஆனால் நீர் எழுபது பாகைக்கு ஆறும்வரை காத்திருப்பதற்கு ஓய்வு வேண்டும். எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர் போராடியது உறங்குவதற்கு மட்டுமன்று. வாழ்வதற்கும் சுவைப்பதற்கும் கற்பதற்குமான பொழுதுக்காகவே. நிலத்தைப் போலவே ஓய்வும் இந்நாட்டில் சமமாகப் பங்கிடப்படவில்லை.

ஆகவே சுவையைப் பேசுவது தொழிலாளியின் துயரை மறப்பதாகாது. மலையகப் பாடசாலைகளில் தேயிலையைச் சுவைக்கும் கல்வி தமிழில் கற்பிக்கப்பட வேண்டும். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலேயே இருக்கிறது. அதன் அறிவு அடுத்த மலையின் லயத்திற்கும் போய்ச் சேரட்டும். ஒவ்வொரு தோட்டத்துத் தேயிலையும் ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்பது பெரட்டுக் களத்திலே தமிழில் எழுதி வைக்கப்படட்டும். கச்சான் மாதங்களில் உயரும் விலையில் ஒரு பங்கு, அம்மாதங்களில் கிலோ குறைந்த கூடைகளுக்குத் திரும்பி வரட்டும். தொழிற்சங்கங்கள் கிலோவை மட்டும் பேசாது சுவையையும் பேசட்டும். முதலாளி விற்பது அதைத்தான்.

உலகுக்குச் சுவை வழங்கிய மக்கள் சுவை அறியாதவர்கள் என்பது பொய். அவர்களிடம் அறிவு இருக்கிறது. அதற்கு விலை கேட்கும் உரிமையே மறுக்கப்பட்டிருக்கிறது. அவ்வுரிமைக்கான சொற்களைத் தமிழில் ஆக்கிக்கொடுப்பது, தமிழ் படித்த நம் போன்றோரின் கடமை.