பெல்ற் மாற்றிய பின் வான் இழுக்கவில்லை

2023 ஆம் ஆண்டில் ஒரு பாடசாலை விடுமுறையில் என் தம்பி எங்கள் ஹயஸ் வானுக்கு ரைமிங் பெல்ற் மாற்றினான். விடுமுறை முடிந்து பிள்ளைகளை ஏற்றப் புறப்பட்ட முதல் நாளே வானில் ஏதோ பிழை என்று எனக்கு விளங்கிவிட்டது. ஸ்ராட் வர முன்பைவிட நேரம் எடுத்தது. புகைக்குழாயால் வெள்ளைப் புகை வந்தது. அதில் எரியாத டீசல் மணம். 14 பிள்ளைகளுடன் குளக்கட்டு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறுகிற வான், இரண்டாம் கியருக்கு மாற்றியும் முக்கிக்கொண்டுதான் ஏறியது. ஒரு கிழமைக்குப் போதுமான டீசல் நாலாம் நாளே முடிந்துவிட்டது. 2022 இல் டீசலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்தவர்களுக்கு அந்த நட்டம் எப்படி வலிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாகனம் பழகாத சகோதரிகளுக்காக ரைமிங் பெல்ற் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது உள்பக்கம் பல் வைத்த றபர் பட்டி. எஞ்சினின் அடியில் சுழலும் பெரிய தண்டு, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, பக்கத்தில் டீசலைத் தள்ளும் பம், இந்த மூன்றையும் அது ஒன்றாக இணைக்கிறது. கீழ்த்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் மற்ற இரண்டும் ஒரு சுற்றுச் சுற்றும். இந்தக் கணக்கு ஒரு பல் பிசகினாலும் எஞ்சின் ஓடும், ஆனால் நோயாளி போலத்தான் ஓடும். பல பல் பிசகினால், அல்லது ஓடும்போது பெல்ற் அறுந்தால், வால்வுகள் பிஸ்ரனில் அடிபட்டு எஞ்சினின் தலைப்பகுதியே போய்விடும். அதனால்தான் ரொயோட்டாவின் இந்த டீசல் எஞ்சின்களுக்கு 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை பெல்ற் மாற்றச் சொல்கிறார்கள். அந்தத் தூரம் வந்ததும் சாரதிக்கு முன்னால் ஒரு சிறு விளக்கும் எரியும். ஆனால் அந்த விளக்கு பெல்ற்றைப் பார்ப்பதில்லை. அது கிலோமீற்றரை மட்டும் எண்ணுகிறது. பல கை மாறிய வானில் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கதை.

எங்கள் வான் பழையது. இந்தப் பக்கத்தில் டொல்பின் என்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின், 2025 வரை எங்களைப் போன்றவர்கள் பழையதைத் திருத்தித் திருத்தியே ஓட வேண்டியிருந்தது. உதிரிப்பாக விலையோடு கூலியையும் கொடுக்க என்னால் முடியவில்லை. தம்பி தானே செய்கிறேன் என்றான். அவனுக்கு 2009 இல் ஷெல் துண்டு பட்டு வலது கண் போனது. அப்போது வயது 17. செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்தபின் ஒரு கராஜில் கூலிக்கு நின்று வேலை பழகினான். பிறகு வீட்டோடு இருந்து அயலவரின் மோட்டார் சைக்கிள், தண்ணீர் இறைக்கும் மெசின் எல்லாம் திருத்துவான். வானில் இவ்வளவு பெரிய வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

பட்டணத்தில் ஒரு கராஜுக்கு வானைக் கொண்டுபோனேன். அவர் எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார்.

"தங்கச்சி, டீசல் பம் போயிட்டுது. கழட்டிச் செய்ய வேணும். ஒரு லட்சத்துக்கு மேல வரும்."

பம் செய்வதற்கு முன் பெல்ற் மாற்றியதைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானே சொன்னதும், "ஆர் போட்டது?" என்றார். தம்பி என்றேன். "ஒற்றைக் கண்ணால குறி பாத்தால் இப்படித்தான்" என்று பக்கத்தில் நின்றவர் சிரித்தார். தம்பி வானுக்குள்தான் இருந்தான். வீட்டுக்கு வந்ததும் ஸ்பனர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "அக்கா, நான் குறி பாத்துத்தான் போட்டனான்" என்றான். பிறகு இரண்டு நாள் பேச்சே இல்லை.

ஒரு லட்சத்துக்கு என்னிடம் இருந்த வழி இரண்டு. மகளின் சங்கிலியை அடகு வைக்கலாம், அல்லது நுண்கடன் எடுக்கலாம். நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்ற காலத்தை நான் மறக்கவில்லை. எனவே பணத்தைத் தேட முன் பிழையைத் தேடுவது என்று முடிவெடுத்தேன். என் கணக்கு எளிமையானது. விடுமுறைக்கு முதல்நாள் வரை இந்தப் பம் ஒழுங்காக வேலை செய்தது. விடுமுறையில் அதை யாரும் திறக்கவில்லை. கை பட்ட இடங்களில்தான் முதலில் தேட வேண்டும்.

செலவில்லாத இடங்களிலிருந்து தொடங்கினோம். வேலைக்கு இடம் எடுக்கக் காற்றுக் குழாயைக் கழற்றியிருந்தான். தூசு போகாமலிருக்க அதற்குள் அடைக்கும் துணியை மறந்து விட்டுவிடுவது கராஜ்களில் நடக்கிற ஒன்று. கழற்றிப் பார்த்தோம், துணி இல்லை. காற்று வடியும் சுத்தம். அடுத்தது மிதி. மகன் அக்சிலேற்றரைக் கடைசி மட்டும் மிதிக்க, பம்மில் உள்ள நெம்பு கடைசி மட்டும் போகிறதா என்று நான் பார்த்தேன். போனது. பிறகு டீசல். பில்ரரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து வைத்தேன். அடியில் சில துளி தண்ணீர் தங்கியது. அதை வடித்து, பில்ரருக்கு மேலே உள்ள கைப்பம்மை இறுகும்வரை அமத்திக் காற்றை வெளியேற்றினோம். ஸ்ராட் கொஞ்சம் சுகமானது. இழுவை வரவில்லை. பழைய பெல்ற்றையும் புதிய பெல்ற்றின் உறையையும் எடுத்து, பல் எண்ணிக்கையையும் இலக்கத்தையும் ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று.

இனி மூடியைத் திறப்பதுதான் மிச்சம். அதற்கு விசிறியும் கீழே உள்ள பெரிய சில்லும் கழற்ற வேண்டும், அரைநாள் வேலை. ஆனால் திறக்க முன்னமே ஒரு அடையாளம் எனக்குத் தெரிந்திருந்தது. பெல்ற் மாற்றிய பின் எஞ்சினின் சத்தம் மெதுவாகிவிட்டது. டீசல் எஞ்சினுக்கு இயல்பாக இருக்கும் அந்தக் கடகட அடி குறைந்திருந்தது. அது நல்ல குணமல்ல. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. பிஸ்ரன் மேலே வந்து காற்றை அமத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எண்ணெய் ஆறத் தொடங்கியபின் கடுகைப் போட்டால் அது வெடிக்காமல் கிடக்கும் அல்லவா? அதுபோல, டீசல் பிந்தித் தெளிபட்டால் பாதி எரியாமல் வெள்ளைப் புகையாகப் போகும், சத்தமும் வலுவும் குறையும். முந்தித் தெளிபட்டால் நேர்மாறு, இரும்பில் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வரும். தொண்ணூறுகளில் தடைக்காலத்தில் பெற்றோலைச் சில துளி விட்டு மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் எங்களுடையது. எரியாத எண்ணெயின் மணத்தை எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தம்பியிடம் சொன்னேன். அவன் வர மறுத்தான். "நீ கழட்ட வேண்டாம், எந்த ஆணி எது எண்டு மட்டும் சொல்லு" என்றேன். நான் இரண்டாவது ஆணியைத் தவறான பக்கம் திருப்பப் போனதும் ஸ்பனரைப் பறித்துக்கொண்டான்.

எஞ்சின் நன்றாக ஆறியபின், சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கினோம். மூடி வந்ததும் கீழ்த்தண்டை ஸ்பனரால் வலப்பக்கமாக மெதுவாகத் திருப்பி அதன் குறியை நேராக்கினான். மேலே வால்வுத் தண்டின் குறி எதிர்ப்பக்கம் நின்றது. இன்னும் ஒரு முழுச் சுற்று. இப்போது அதுவும் நேர். பம்மின் பற்சில்லை மேலேயிருந்து குனிந்து பார்த்தான். "சரியாத்தானே அக்கா நிக்குது" என்றான். நானும் பார்த்தேன். எனக்கு இரண்டு கண். எனக்கும் சரியாகத்தான் தெரிந்தது.

முகாமிலிருந்து வந்தபின் நான் சில வருடம் தையல் வேலை செய்தவள். அளவு நாடாவைப் பக்கவாட்டில் சரிந்து பார்த்தால் அரை அங்குலம் பிழைக்கும் என்பது தைக்கிற எல்லோருக்கும் தெரியும். இந்தப் பற்சில்லு பக்கத்தில், தாழ்வாக இருக்கிறது. இருக்கைக்கு மேலேயிருந்து எவர் பார்த்தாலும் சரிவாகத்தான் பார்க்க முடியும். மகளின் சிறிய முகக் கண்ணாடியை எடுத்துவந்து, ரோச் வெளிச்சத்தில் பற்சில்லுக்கு நேரே பிடித்தேன். குறி ஒரு பல் பின்னால் நின்றது.

தம்பி கண்ணாடிக்குள் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பொய் சொல்லவில்லை. பம்முக்கு உள்ளே வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. குறியை நேராக வைத்தாலும், கையை எடுத்ததும் பற்சில்லு தானாகச் சற்றுத் திரும்பப் பார்க்கும். பெல்ற்றைக் கொழுவுகிற அந்தக் கணத்தில் ஒரு பல் விலகிவிடும். இரண்டு கண் உள்ள பெரிய மெக்கானிக்குகளுக்கும் நடப்பதுதான். தப்பியிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெல்ற் போட்டபின் கீழ்த்தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுத் திருப்பி, மூன்று குறிகளையும் திரும்பப் பார்க்க வேண்டும். அவனும் திருப்பித்தான் இருந்தான், பார்த்தது மேலேயிருந்து.

இரண்டாம் முறை போடும்போது மூன்று குறிகளுக்கும் வெள்ளைப் பெயின்ற் பூசினான். பம்மின் நட்டில் ஸ்பனரைப் போட்டு நான் அசையாமல் பிடித்தேன். பெல்ற்றின் தொய்வெல்லாம் இறுக்கும் சில்லு உள்ள பக்கத்துக்கு வரும்படி, மற்றப் பக்கத்தை இழுத்துப் போட்டான். இறுக்கும் சில்லின் ஆணிகளை உடனே முறுக்கவில்லை. இரண்டு சுற்றுத் திருப்பி, ஸ்பிரிங் தானாகப் பெல்ற்றை இழுத்தபின்தான் முறுக்கினான். திருப்பும்போது ஒருபோதும் இடப்பக்கம் திருப்பவில்லை. பெல்ற் தொய்ந்து பல் தாவ அது போதும். கையால் திருப்பும்போது எங்காவது இரும்பில் முட்டுவதுபோல் இருந்தால் பலவந்தப்படுத்தாமல் நிறுத்த வேண்டும். வால்வு பிஸ்ரனைத் தொடுகிறது என்று அர்த்தம். எங்களுக்கு முட்டவில்லை. பிறகு கண்ணாடியைப் பிடித்து மூன்று குறியையும் பார்த்தோம். முதலில் அவன், பிறகு நான்.

எல்லாம் பூட்டி முடிய இருட்டிவிட்டது. திறப்பைத் திருப்பியதும் பழைய கடகடச் சத்தம் வந்தது. தம்பி புகைக்குழாய்க்குப் பின்னால் போய் நின்று, "புகை இல்லை" என்று கத்தினான். காலையில் 14 பிள்ளைகளுடன் மூன்றாம் கியரில் குளக்கட்டு ஏறினேன். கிழமைக் கடைசியில் டீசலும் மிச்சம் நின்றது. பம்மை இன்றுவரை யாரும் கழற்றவில்லை, சங்கிலி மகளின் கழுத்தில்தான் இருக்கிறது.

சாரதிக் கதவின் உட்பக்கத்தில் பெல்ற் மாற்றிய திகதியையும் அன்றைய கிலோமீற்றரையும் வெள்ளைப் பெயின்றால் எழுதி வைத்திருக்கிறான் தம்பி. அதற்குக் கீழே அடுத்து மாற்ற வேண்டிய எண். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மாற்றுவோம்.