கடாரத்து இரும்பும் அப்பாவின் கோடாலியும்

உங்கள் வீட்டில் பழைய கோடாலி ஒன்று இருக்கிறதா? கட்டிலுக்கு அடியிலோ, கொல்லைப்புறத்துப் பூச்சட்டிகளுக்கு நடுவிலோ, காம்பில்லாமல் துருப்பிடித்துக் கிடக்கிறதா? அப்படியானால், அதைப் பழைய இரும்பு வாங்கும் லோரிக்காரரிடம் போடுவதற்கு முன் என்னோடு ஒருமுறை கெடா மாநிலத்துக்கு வாருங்கள். வந்து பார்த்த பிறகும் போடத்தான் தோன்றினால் போடுங்கள். நான் தடுக்கமாட்டேன்.

என் அப்பா தோட்டத்து ஸ்மோக் ஹவுஸில் வேலை செய்தவர். பால் சீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்க இரவும் பகலும் நெருப்பு அணையக்கூடாது. அதற்கு வேண்டிய ரப்பர் விறகைப் பிளந்து அடுக்குவது அவர் வேலை. கோடாலி அவருடைய சொந்தக் கோடாலி. அப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது. தோட்டத்து லயங்களை இடித்தபோது அம்மா டவுன் வீட்டுக்கு வந்தார். கையோடு கொண்டுவந்த சில சாமான்களில் அந்தக் கோடாலித் தலையும் ஒன்று. காம்பைக் கறையான் தின்றுவிட்டது. துளைக்குள் மட்டும் ஒரு துண்டு மரம் அடைத்துக்கொண்டு நின்றது.

"இத வெச்சிக்கிட்டு என்னம்மா செய்யப் போறீங்க? கேஸ் அடுப்புல சமைக்கிற வீட்டுல கோடாலி எதுக்கு?" என்று தம்பி கேட்டான். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் லோரி வரும் நேரத்தில் கோடாலியை முந்தானையில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான், அதற்குக் காம்பு போட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

நான் செய்த தவறு

முதலில் நானே முயன்றேன். துளையில் இறுகியிருந்த மரத்தை எடுக்க, இரும்பைத் தூக்கிக் கேஸ் அடுப்பின் மேல் வைத்தேன். மரம் எரிந்தால் துளை சுத்தமாகிவிடும் என்று நினைப்பு. புகை வந்ததும் அம்மா ஓடி வந்து அடுப்பை அணைத்தார். "உங்கப்பா பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு தெரியுமா?" என்றார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த ஆசாரி மாமா. இப்போது பீடோங் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். கோடாலியைச் சணல் பையில் சுற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் மின்சார ரயில் சுங்கை பட்டாணியில் நிற்கிறது. அங்கிருந்து பீடோங் வரை பஸ்ஸோ டாக்சியோ பிடிக்கலாம். வழியெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் காடு. இப்போது பெரும்பாலும் செம்பனையும் வீடமைப்புத் தாமான்களும். மேற்கே திரும்பினால் ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் பாதி மலை மேகத்துக்குள் இருக்கும். அன்று முழுவதும் தெரிந்தது.

ஆசாரி மாமா பையைப் பிரித்தார். இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருகிய மரத்தை முகர்ந்தார்.

"நெருப்புல வெச்சியா?"

"ஆமாம் மாமா."

"ஏம்ப்பா, கோடாலிக்கு வாய்ப்பக்கம் பதம் புடிச்சிருப்பாங்க. சூடேறுனா பதம் போயிடும். அப்புறம் விறகுல போட்டா வாய் மடங்கும். அது கோடாலி இல்ல, வெறும் இரும்புக்கட்டி."

ஓர் அரத்தை எடுத்து வாய் முனையில் மெல்ல ஓட்டினார். அரம் சிரமப்பட்டுத்தான் கடித்தது. இன்னோர் இடத்திலும் ஓட்டிப் பார்த்தார். "பதம் இருக்கு. உங்கம்மா நல்ல நேரத்துல அடுப்ப அணைச்சிருக்கு" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு துளையிலிருந்த மரத்தில் துளைபோடும் கருவியால் நாலைந்து ஓட்டைகள் போட்டார். ஒரு கம்பியை வைத்து மேலிருந்து தட்டினார். துண்டு கழன்று விழுந்தது. பத்து நிமிஷ வேலை. நெருப்பே தேவைப்படவில்லை.

அடுத்தது துரு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கடையில் விற்கும் சுக்காவை ஊற்றி இரும்பை மூழ்கவைத்தார். "நாளைக்குச் சாயந்திரம் வா. அதுவரைக்கும் சும்மா இருக்காம, சுங்கை பத்து போய்ப் பாத்துட்டு வா. இரும்பப் பத்தித் தெரிஞ்சிக்கலாம்" என்று அனுப்பிவைத்தார்.

மண்ணுக்குள் கிடந்த உலைக்கூடம்

சுங்கை பத்து என்ற இடம் செமிலிங் அருகில் இருக்கிறது. பார்த்தால் சாதாரணத் தோட்ட நிலம்போல்தான் தோன்றும். அந்த மண்ணுக்குள்தான் பழங்காலத்து இரும்பு உருக்கும் கூடங்கள் புதைந்து கிடந்தன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர்கள் 2009-ஆம் ஆண்டு முதல் இங்கே அகழாய்வு செய்தார்கள். உலைகளின் அடிப்பாகமும், இரும்புக் கசடும், ஆற்றோரப் படகுத்துறைகளும், செங்கல் கட்டடங்களும் வெளிப்பட்டன. கி.பி. தொடக்க நூற்றாண்டுகளிலேயே இங்கே இரும்பு எடுத்திருக்கிறார்கள். அதற்கும் முந்தியது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அதில் விவாதம் இருக்கிறது.

அங்கே என்னை நிறுத்தியது ஒரு சிறு பொருள். சுட்ட களிமண் குழாய். உலைக்குள் துருத்திக் காற்றைக் கொண்டுபோன குழாய். ஒன்று இரண்டல்ல, குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. சூட்டில் குழாயின் முனை உருகி உடைந்துபோகும். உடைந்ததை எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகுவார்கள்.

வேலை நடந்த விதம் இதுதான். களிமண் உலையில் இரும்புத் தாது ஒரு படி, மரக்கரி ஒரு படி என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். துருத்தியால் விடாமல் காற்று ஊதுவார்கள். கசடு உருகி ஓடும். இரும்பு மட்டும் உருகாமல், தேன்கூடுபோல் ஓட்டை ஓட்டையான கட்டியாக அடியில் தங்கும். அதை மறுபடி காய்ச்சி, அடித்து, கசடைப் பிதுக்கி எடுத்தால்தான் கருவி செய்யத் தகுந்த இரும்பு. இத்தனைக்கும் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். மரத்துக்குக் கோடாலி வேண்டும். கோடாலிக்கு மறுபடியும் இரும்பு வேண்டும்.

இந்த ஊர்தான் நம் முன்னோர் சொன்ன கடாரம். 1025-ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழனின் கடற்படை இங்கே வந்து தாக்கியது. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் அவனுக்கு அதனால் வந்தது. பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் பெருமையாகப் படித்தது. ஆனால் வாசகர்களே, அந்தக் குழாயின் கருகிய முனையைப் பார்த்தபோது எனக்கு ராஜாவின் ஞாபகம் வரவில்லை. அதற்குப் பின்னால் உட்கார்ந்து துருத்தி மிதித்தவரின் ஞாபகம்தான் வந்தது. அவர் எந்த இனம், என்ன மொழி பேசினார், கூலி என்ன வாங்கினார் என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை. நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார். என் அப்பா செய்ததும் அதே வேலைதான்.

அங்கிருந்து மெர்போக் போனால் புஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம். அதன் பக்கத்திலேயே, ஓடைக்கரையில், புக்கிட் பத்து பஹாட் கோயில் இருக்கிறது. கருங்கல் அடித்தளம். மேற்கூரை இல்லை. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தோண்டிப் பார்த்தார். 1959-60-இல் சிதறிக் கிடந்த கற்களைத் தேடி எடுத்து மீண்டும் அடுக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது அப்படி எழுந்து நின்ற கோயில். எல்லாவற்றுக்கும் அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. இதே பள்ளத்தாக்கில் இன்னொரு பழைய கோயிலின் அடித்தளம், வீடமைப்புக்காக நிலத்தைச் சுத்தம் செய்தபோது இயந்திரம் விட்டு இடிக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அந்தச் செய்தி வெளியே தெரிந்து நாடே வருத்தப்பட்டது. வருத்தப்பட்டு என்ன? போன கல் போனதுதான்.

மறுபடியும் காம்பு

சாயந்திரம் திரும்பியபோது ஆசாரி மாமா கோடாலியைக் கழுவிக்கொண்டிருந்தார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் துரு கறுப்புச் சேறாக வழிந்தது. சோடா மாவு கலந்த தண்ணீரில் அலசினார். புளிப்பு மிஞ்சினால் மறுபடி துரு ஏறுமாம். துடைத்து, வெயிலில் காட்டி, எண்ணெய் தடவினார்.

"இங்க பாரு" என்றார். வாய்க்குச் சற்று மேலே ஒரு மெல்லிய கோடு வளைந்து போயிற்று. கோட்டுக்கு இந்தப் பக்கம் சாம்பல் நிறம், அந்தப் பக்கம் கொஞ்சம் கறுப்பு. அந்தக் காலத்துக் கோடாலிகளில் உடம்பு மெத்தென்ற இரும்பு. வாயில் மட்டும் எஃகை வைத்துக் காய்ச்சி அடித்து ஒட்டியிருப்பார்கள். உடம்பு அடியைத் தாங்கும். வாய் கூர்மையைத் தாங்கும். பக்கவாட்டில் 'எல்வெல்' என்ற ஆங்கில எழுத்துகளும் தெரிந்தன. அது இங்கிலாந்தில், பர்மிங்காம் அருகே வெட்னஸ்பரி என்ற ஊரில் இருந்த பட்டறையின் பெயர். அப்பா இத்தனை வருஷம் கையில் பிடித்திருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை.

காம்புக்கு என்ன மரம்? ரப்பர் மரம் கூடாது. பூச்சி சீக்கிரம் விழும். தமிழ்நாட்டில் கருவேலமும் புளியும் எடுப்பார்கள். "நமக்குக் கொய்யா போதும். வளையும், முறியாது" என்றார் மாமா. வீட்டுக்குப் பின்னால் போய், பரணிலிருந்து காய்ந்த கிளை ஒன்றை இறக்கி வந்தார். காம்புக்கு மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் போட்டால் பிறகு சுருங்கித் தலை கழன்றுவிடும்.

அவர் செய்ததை உங்களுக்காகக் குறித்துக்கொண்டேன். வெட்டிய முனையில் தெரியும் வரிகள் கோடாலியின் வாயை நோக்கி ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அடிக்கும்போது பிளந்துவிடும். காம்பின் தலையைத் துளைக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்க வேண்டும். பிறகு தலையின் நடுவே, துளையின் நீளவாக்கில், ரம்பத்தால் ஒரு பிளவு. செருகிய பிறகு கோடாலித் தலையைத் தரையில் வைத்து அடிக்கக்கூடாது. தலை கீழே இருக்கும்படி காம்பைக் காற்றில் தொங்கவிட்டு, காம்பின் அடிமுனையில் மரச்சுத்தியால் தட்ட வேண்டும். என் கண் முன்னால் இரும்பு தானாகவே மேலே ஏறி இறுகியது. கடைசியில் பிளவுக்குள் கெட்டி மரத்து ஆப்பு.

"தோட்டத்துல எல்லாரும் ராத்திரி வாளித் தண்ணியில ஊறப்போடுவாங்களே மாமா?"

"ஊறுனா உப்பும். காஞ்சா முன்ன இருந்ததவிட அதிகமாத் தளரும். ஊறப்போட்ட கோடாலியில தலை பறந்து, பக்கத்துல நின்ன புள்ளைக்கு நெத்தி கிழிஞ்சத நான் பாத்திருக்கேன். காம்பு ஆடுனா ஆப்ப மாத்து, இல்ல காம்ப மாத்து. தண்ணிய நம்பாதே."

வாயை அரத்தால் தீட்டும்போது முன்னே தள்ளுகையில் மட்டும் அழுத்தம். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். கடைசியில் சாணைக்கல். காம்புக்கு உப்புத்தாள் போட்டு, ஆளி விதை எண்ணெய் தேய்த்தார். ஒன்றை மறக்காதீர்கள்: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

கூலி கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "இது எந்தக் கொய்யான்னு கேக்கலியே நீ" என்றார். "உங்க லயத்துப் பின்னால நின்னுச்சே, அதான். லயத்த இடிக்க மிஷின் வந்த அன்னிக்கு ஒரு கிளைய வெட்டி எடுத்துக்கிட்டு வந்தேன். எதுக்குன்னு அப்போ தெரியல."

சிறுவயதில் நான் ஏறி விழுந்த மரம் அது. எனக்குப் பேச்சு வரவில்லை. அத்தை கொண்டுவந்த கோப்பியைக் குடித்தேன். மாமாவே சிரித்தார். "குலத்தக் கெடுக்குற கோடாலிக் காம்புன்னு சொல்லுவாங்க. இது அந்தக் காம்பு இல்லப்பா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். கொய்யாக் கதையையும் சொன்னேன். அம்மா காம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் நீளமா இருக்கு. உங்கப்பா குட்டையா வெச்சிருப்பாரு" என்றார். அதோடு சரி. கோடாலி இப்போது சாமி அறை மூலையில் நிற்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு. தம்பி இப்போது ஒன்றும் கேட்பதில்லை. போன வாரம் வாசலில் விழுந்த மாங்கிளையை அவன்தான் அதை எடுத்து வெட்டினான்.

ஆகவே வாசகர்களே, விடுமுறையில் கெடா பக்கம் போனால் சுங்கை பத்துக்கும் மெர்போக்குக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அந்தக் களிமண் குழாயைக் காட்டுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். காம்பு போட்டுக் கொடுக்கத் தெரிந்த ஆசாரி மாமாக்கள் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்விடுங்கள்.